ஓடுற மெஷின், ஓடாத வாதம்

"ஓடுற மெஷின்ல கை வைக்காத." பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளோடு கொஞ்சமாவது பழகியவர்கள் இதைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. பசறையில் டீமேக்கர் சொல்வார், அப்புத்தளையில் துரை சொல்வார், பண்டாரவளையில் பேரிங் விற்கும் கடைக்காரரும் சொல்வார். நடைமுறையில் இதற்கு அர்த்தம் இதுதான்: சத்தம் வந்தால் கிரீஸ் அடி, சத்தம் கூடினால் இன்னும் கொஞ்சம் அடி, உடைந்தால் மாற்று, அதுவரை அந்தப் பக்கம் போகாதே. கம்பனிக் கூட்டத்தில் யாரும் இதை எழுதி நிறைவேற்றவில்லை. ஆனால் எழுதி நிறைவேற்றிய எந்தச் சுற்றறிக்கையை விடவும் இது ஒழுங்காகப் பின்பற்றப்படுகிறது.

இந்தத் தரப்பின் வாதத்தை அதன் முழுப் பலத்தோடு எடுத்து வைப்போம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ரோலரை 'சர்வீஸ்' என்று அவிழ்க்கிறார்கள். அடுத்த வாரமே அது சூடேறி நிற்கிறது. இதைப் பார்க்காத தொழிற்சாலை இல்லை. வெள்ளைக்காரன் காலத்து மெஷின்கள் அளவுமானிகள் எதுவும் இல்லாமலே இரண்டு தலைமுறைக்கு ஓடின. இன்றைய பேரிங்குகளோ இரண்டு பக்கமும் அடைத்து, உள்ளே கிரீஸோடு வருகின்றன. அவற்றில் பராமரிக்க என்ன இருக்கிறது? பேரிங் மலிவு, நிறுத்தி வைக்கும் நேரம் விலை கூடியது. எல்லாவற்றுக்கும் மேலாக, மலையில் பறித்த கொழுந்து யாருக்காகவும் காத்திருக்காது.

இவற்றில் ஒன்றுகூட முட்டாள்தனமான வாதம் இல்லை. முதலாவதுக்கு உலகத்தரமான சாட்சியமே உண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப் படையின் கடலோரப் பிரிவில் வேலை செய்த உயிரியலாளர் வாடிங்டன், லிபரேட்டர் விமானங்களின் பழுதுக் கணக்கை எடுத்துப் பார்த்தார். 50 மணி நேரத்துக்கு ஒருமுறை நடக்கும் கட்டாயச் சோதனைக்குப் பிறகு பழுதுகள் குறையவில்லை. சோதனை முடிந்த கையோடு கூடின, பிறகுதான் மெல்லக் குறைந்தன. 1978இல் நோலன், ஹீப் என்ற இருவர் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு எழுதிய அறிக்கையில், விமானப் பாகங்களில் 89 வீதமானவை வயதானதால் கெடுவதில்லை என்று காட்டினார்கள். நாள் குறித்து அவிழ்ப்பது வீண், சில வேளை கேடும் கூட. எதிர்த்தரப்பிடம் இதை விடப் பெரிய ஆயுதம் இல்லை. நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன். இனி மறுப்புகள்.

1. அந்த ஆயுதம் அவர்களையே வெட்டுகிறது. வாடிங்டனும் நோலனும் ஹீப்பும் "விட்டுவிடு" என்று எங்கேயும் சொல்லவில்லை. தேதியைப் பார்த்து அவிழ்க்காதே, நிலைமையைப் பார்த்து அவிழ் என்றுதான் பின்னவர் இருவரும் சொன்னார்கள். அவிழ்ப்பது வேறு, கவனிப்பது வேறு. 'கை வைக்காதே' என்று சொல்பவர் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி வெளியே எறிந்துவிடுகிறார். பேரிங் திடீரென்று சாகிற பொருள் அல்ல. குண்டுகள் ஓடும் பாதையில் உருக்கு உதிர்ந்து முதல் பொரிவு விழுந்ததும் காதுக்கு எட்டாத உயர் அதிர்வாகச் சொல்கிறது. பிறகு அதிர்வுமானி பிடிக்கிற அளவுக்குச் சொல்கிறது. பிறகு ஸ்க்ரூ டிரைவரின் நுனியை உறையில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்தால் கேட்கிற கரகரப்பாகச் சொல்கிறது. அதற்குப் பின்தான் சூடு, கடைசியில் புகை. முதல் அறிகுறிக்கும் கடைசிக்கும் இடையில் பல சமயம் வாரக்கணக்கில் நேரம் இருக்கும். நமது தொழிற்சாலைகளில் 'திடீரென்று போய்விட்டது' என்று பதிவேட்டில் எழுதப்படுகிறவற்றில் பெரும்பாலானவை கேட்பாரில்லாமல் போனவை.

2. வெள்ளைக்காரன் காலத்து மெஷின்கள் யாரும் தொடாததால் ஓடின என்பது வரலாறு தெரியாத பேச்சு. தினமும் தொட்டதால் ஓடின. வில்லியம் ஜாக்சனின் ரோலர்களை இங்கிலாந்தின் கேன்ஸ்பரோவில் மார்ஷல் கம்பனி வார்த்து அனுப்பிய காலத்தில், ஒரே எஞ்சினோ நீர்ச்சக்கரமோ நீண்ட லைன் ஷாஃப்ட் ஒன்றைச் சுழற்றும். அதிலிருந்து தட்டைப் பெல்ட்டுகள் ஒவ்வொரு ரோலருக்கும் இறங்கும். அந்த ஷாஃப்ட்டைத் தாங்கியவை பெரும்பாலும் வெள்ளை உலோகம் வார்த்த தாங்கிகள். அமெரிக்கரான ஐசக் பாபிட் 1839இல் காப்புரிமை பெற்ற வகை அது. தகரம் கூடிய மென்மையான கலவை. தூசு விழுந்தால் தன்னுள் புதைத்துக்கொள்ளும், ஷாஃப்ட்டைக் கீறவிடாது. எண்ணெய் வற்றிச் சூடேறினால் 240 பாகை செல்சியஸ் அளவில் தானே உருகி வழியும், ஷாஃப்ட் பிழைத்துவிடும். ஆனால் அந்தத் தாங்கிக்கு ஒரு ஆள் வேண்டும். எண்ணெய்க் குவளையை நிரப்ப, வளையம் சுழல்கிறதா என்று பார்க்க, தேய்ந்தால் நீலம் பூசிச் சுரண்டிப் பொருத்த, கடைசியில் பழையதை உருக்கி ஊற்றிப் புதிதாக வார்க்க. எண்ணெய்க் குப்பியோடு சுற்றுகிறவர் ஒரு வேலையாளாகவே கணக்கில் இருந்தார்.

பின்னர் லைன் ஷாஃப்ட் போய்த் தனித்தனி மோட்டார்கள் வந்தன. வெள்ளை உலோகம் போய் உருளைப் பேரிங்குகள் வந்தன. உராய்வு குறைந்தது, எண்ணெய்ச் செலவும் குறைந்தது. கூடவே மன்னிக்கும் குணமும் குறைந்தது. தூசைப் புதைத்துக்கொள்ளும் மென்மை உருக்குப் பேரிங்கில் இல்லை. ஒரு தூசுத் துகள் பாதையில் அழுந்தினால் அதுவே அடுத்த பொரிவின் விதை. அந்த நேரத்தில்தான் எண்ணெய்க்காரரின் வேலையையும் மிச்சம் பிடித்தார்கள். முன்பு கவனிப்பு இருந்ததால் ஓடியவற்றைக் காட்டி இப்போது கவனிப்பு வேண்டாம் என்று வாதாடுவது நியாயமா?

3. இந்த மண் அசையும். மற்ற மறுப்புகளை யாராவது தள்ளிவிட்டாலும் இதைத் தள்ள முடியாது. எஸ்.கே.எஃப். கம்பனி பிறந்த கதையை எடுத்துக்கொள்வோம். சுவீடனின் கோதன்பர்க் நகரில் காம்லஸ்டாடன் நெசவாலை களிமண் தரையில் நின்றது. தரை இறங்க இறங்க லைன் ஷாஃப்ட் வளையும், பேரிங்குகள் அடுத்தடுத்துப் போகும். அங்கே பராமரிப்புப் பொறியாளராக இருந்த ஸ்வென் விங்குவிஸ்ட் இதற்காகவே 1907இல் தானாக அச்சுக்கு ஒத்துப்போகும் இரட்டை வரிசைக் குண்டுப் பேரிங்கைக் கண்டுபிடித்தார். உலகின் மிகப் பெரிய பேரிங் கம்பனிகளில் ஒன்று, தரை அசையும் என்று ஒருவர் ஒப்புக்கொண்டதிலிருந்து தொடங்கியது.

ஊவாவில் தரை அசைவதை ஒப்புக்கொள்ள யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களை மண் மூடியது. அதற்குப் பின் உமா ஓயாச் சுரங்கத்துக்குள் நீர் புகுந்து, பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, வீடுகளில் வெடிப்பு விழுந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இந்த மாவட்டத்தின் மலைகளை எத்தனை இடத்தில் அறுத்தது என்பதை இன்னும் கண்ணால் பார்க்கலாம். வீட்டுச் சுவர் வெடித்தால் ஓடிப்போய்ப் பார்க்கிறோம். அதே சரிவில் நிற்கும் தொழிற்சாலையின் கொங்கிரீட் மேடை ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தால் யார் பார்க்கிறார்கள்? பேரிங் பார்க்கும். சாதாரண ஆழ்பள்ளக் குண்டுப் பேரிங் பொறுத்துக்கொள்ளும் சாய்வு ஒரு பாகையின் அறுபதில் சில பங்குகள்தான். விங்குவிஸ்டின் வகை ஒன்றரை முதல் மூன்று பாகை வரை தாங்கும்.

இங்கே நமது கடைத்தெருவின் ஒரு சின்னக் கொடுமையையும் சொல்ல வேண்டும். 1210 என்று எண் குத்திய பேரிங் தானாக ஒத்துப்போகும் வகை. 6210 ஆழ்பள்ள வகை. இரண்டுக்கும் உள்விட்டம் 50 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 90, அகலம் 20. உறைக்குள் இரண்டும் அச்சாகப் பொருந்தும். 1210 கையிருப்பில் இல்லாவிட்டால் "சைஸ் ஒண்ணுதானே" என்று 6210 கைமாறும். மாட்டியதும் மெஷின் ஓடும். மாட்டியவருக்குப் பாராட்டும் கிடைக்கும். சாய்ந்த மேடையின் மீது சாயத் தெரியாத பேரிங். அது மூன்று மாதத்தில் போனால் "இப்ப வர்ற சாமான் சரியில்லை" என்று தீர்ப்பு. போலிப் பேரிங்குகள் சந்தையில் உலவுவது உண்மை. ஆனால் எண்ணைப் படிக்காத குற்றத்தையும் போலியின் தலையில் கட்டுவது அநியாயம்.

பாய்மரப் படகு வைத்திருப்பவர்களிடமிருந்து இந்த இடத்தில் ஒன்றைக் கற்கலாம். மலை நடுவில் படகு எதற்கு என்று கேட்காதீர்கள். கொழுந்தை நசுக்கும் ரோட்டர்வேன் மெஷின் செய்யும் வேலையும் படகு விசிறி செய்யும் வேலையும் ஒன்றுதான். விசிறி நீரைப் பின்னே தள்ளும், அதன் எதிர்விசையை ஷாஃப்ட்டின் உந்துதாங்கி வாங்கும். ரோட்டர்வேனின் திருகு கொழுந்தை முன்னே அழுத்தும், எதிர்விசையைப் பின்னால் இருக்கும் உந்துதாங்கி வாங்கும். படகுக்காரர் எஞ்சினையும் விசிறி ஷாஃப்ட்டையும் ஒரே கோட்டில் பொருத்தும் கடைசிச் சரிபார்ப்பைக் கரையில் ஏற்றி வைத்துச் செய்ய மாட்டார். நீரில் இறக்கி, படகு தன் பாரத்தில் அமர்ந்த பிறகே செய்வார், ஏனெனில் கரையில் தாங்கி நிற்கும்போது உடலின் வளைவு வேறு, மிதக்கும்போது வேறு. இரு கப்ளிங் முகங்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் முகத்தின் விட்டத்தில் அங்குலத்துக்கு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். நமது பழைய மாடித் தொழிற்சாலைகளில் மேல்மாடி முழுவதும் வாட்டுத் தொட்டிகள். தொட்டி காலியாக இருக்கும் போயா நாளில் கீழே அச்சுப் பார்த்துவிட்டு, மறுநாள் தொட்டிகள் நிறையக் கொழுந்தைக் கொட்டினால், மேல்தளத்து உத்தரங்களோடு பிணைந்திருக்கும் எதுவும் பார்த்த இடத்தில் நிற்காது. அச்சு ஒருமுறை பார்த்துக் கையெழுத்துப் போட்டு முடிக்கிற காரியமே இல்லை.

4. கிரீஸ் பக்திக்கு வருவோம். 'கை வைக்காதே' வேதம் அனுமதிக்கிற ஒரே கை வேலை இது, அதையும் தப்பாகச் செய்கிறார்கள். உறைக்குள் இருக்கும் வெற்றிடத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கிரீஸ் இருந்தால் போதும். நிரம்ப அடித்தால் உருளைகள் கிரீஸைக் கடைந்து கடைந்து சூடாகும், சூட்டில் எண்ணெய் பிரியும், சீல் பிதுங்கும், பிதுங்கிய வழியில் தேயிலைத் தூசு உள்ளே போகும். ஒரு மீள்நிரப்புக்கு எத்தனை கிராம் என்பதற்குப் பேரிங் உற்பத்தியாளர்கள் சொல்லும் கணக்கு மிக எளிது: மில்லிமீட்டரில் வெளிவிட்டத்தையும் அகலத்தையும் பெருக்கி 0.005ஆல் பெருக்கு. மேலே சொன்ன 90க்கு 20 பேரிங்குக்கு 9 கிராம். கிரீஸ் கன்னின் ஓர் அழுத்துக்கு ஏறத்தாழ ஒரு கிராமோ சற்றுக் கூடவோ வரும். கன்னுக்குக் கன் மாறும் என்பதால் பத்து அழுத்தை ஒரு காகிதத்தில் விட்டுக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். "வெளியே வர்ற வரைக்கும் அடி" என்பது கணக்கே அல்ல.

எந்த கிரீஸ் என்பது இன்னொரு கேள்வி. பெரும்பாலான இடங்களில் ஒரே டின் லிதியம் கிரீஸ்தான் எல்லாவற்றுக்கும். மோட்டார்ப் பேரிங்குகள் பல பொலியூரியா கிரீஸோடு வருகின்றன; அதன் மேல் லிதியத்தை அடித்தால் இரண்டும் சேர்ந்து நீர்த்து வழியலாம், கட்டியாகவும் இறுகலாம். டிரையர் விசிறியின் சூட்டுப் பக்கப் பேரிங்குக்கும், வாட்டு விசிறியின் ஈரக் காற்றில் நிற்கும் பேரிங்குக்கும் ஒரே இடைவெளியில் கிரீஸ் அடிக்கும் வழக்கமும் உண்டு. 70 பாகைக்கு மேல் ஒவ்வொரு 15 பாகைக்கும் கிரீஸின் ஆயுள் பாதியாகும் என்பது இத்துறையின் அடிப்படை விதி. 100 பாகையில் ஓடுகிற பேரிங்குக்கு, 70இல் ஓடுவதன் கால்வாசிக் காலம்தான். 'அடைத்த பேரிங்குக்கு ஒன்றும் செய்ய வேண்டாம்' என்ற வாதத்துக்கும் இதே பதில்: உள்ளே அடைத்திருப்பது கிரீஸ், அமிர்தம் அல்ல. அதற்குக் கிரீஸ் அடிக்க வேண்டாம், அடிக்கவும் முடியாது. ஆனால் அதன் சூட்டைப் பார்ப்பதைத் தடுப்பது எது?

தேயிலை எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும் பண்டம். ரோலர் மேசைக்கு மேலே பிதுங்கி நிற்கும் கிரீஸ் எங்கே விழும் என்று சொல்லத் தேவையில்லை. ஊவாத் தேயிலையின் தனி வாசனைக்கு ஏலத்தில் விலை சொல்லும் நாட்டில், அந்த வாசனைக்கு நேர் மேலே கிரீஸ் வழிய விடுவது என்ன கெட்டித்தனம்?

5. "பேரிங் மலிவு." ஆம், மலிவு. அதை மட்டும் வாங்குவதாக இருந்தால். ஓடும்போது உடைகிற பேரிங் தனியாகப் போவதில்லை. ஷாஃப்ட்டின் இருக்கையைத் தின்றுவிட்டு, உறையைச் சுழற்றித் தேய்த்துவிட்டு, பெல்ட்டையும் கூட்டிக்கொண்டு போகிறது. பிறகு லேத் வேலை, மெட்டல் ஏற்றுவது, நாட்கணக்கில் காத்திருப்பு. பேரிங்குகள் எல்லாம் இறக்குமதி. 2022 ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த காலத்தில், 200 ரூபாவைச் சுற்றி நின்ற டொலர் சில வாரங்களுக்குள் 360ஐத் தொட்டது. ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் போனது. அன்று மலிவுச் சாமான் என்ற பேச்சு எங்கே இருந்தது? கொழும்பிலிருந்து பதுளைக்குத் தண்டவாளம் சுமார் 290 கிலோமீட்டர்; மலை சரிந்தால் ரயிலும் இல்லை, பாதையும் இல்லை. உடைந்த பின் வாங்கலாம் என்பது துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஆலை வைத்திருப்பவர் பேச வேண்டிய பேச்சு.

நட்டத்தின் பெரும்பகுதி இரும்பில் இல்லை, இலையில் இருக்கிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று அடிக்கும் வாரங்களில்தான் ஊவா அந்த வருடத்தின் பெயரைச் சம்பாதிக்கிறது. உலர்ந்த காற்றில் கொழுந்து வேகமாக வாடும், மணம் ஏறும், ஓகஸ்ட்டில் உச்சம். ரோலருக்குள் இலை நசுங்கிய கணத்திலிருந்து நொதிப்பு தொடங்கிவிடுகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு நிமிடத்துக்கும் கணக்கு உண்டு. முதல் ரோல் முடிந்து இரண்டாவதில் மெஷின் நின்றால், பேரிங் வரும் வரை இலை பொறுத்திருக்காது. அந்தத் தொகுதி மணம் இழந்து சாதாரணத் தேயிலையாக ஏலத்துக்குப் போகும்.

இதைக் கட்டுவது யார்? பச்சைக் கொழுந்து விலைச் சூத்திரம் விற்பனை வருமானத்தை 68க்கு 32 என்று சிறுதோட்டக்காரருக்கும் தொழிற்சாலைக்கும் பிரிக்கிறது. விற்ற விலை விழுந்தால் பெரிய பங்குக்காரருக்கே பெரிய அடி. லுணுகலையில் அரை ஏக்கரில் கொழுந்து பறித்துக் கொடுக்கும் பெண்ணுக்கு அந்த ரோலரின் பேரிங் எப்படி இருக்கும் என்றே தெரியாது; அதன் செலவில் பாதிக்கு மேல் அவர் கணக்கில் விழுகிறது. தோட்டத்தில் வேலை செய்பவரும் தப்ப முடியாது. தொட்டிகள் காலியாகாவிட்டால் மறுநாள் மலைக்கு ஆள் குறைப்பார்கள். 'நிறுத்துகிற நேரம் விலை கூடியது' என்பவர் அந்த விலையை யார் பையிலிருந்து எடுக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

6. நின்றுகொண்டிருக்கிற மெஷினையும் கெடுக்கலாம், தொடாமலே. 1930களில் அமெரிக்காவில் ரயிலில் ஏற்றி அனுப்பிய புதுக் கார்கள், ஒரு மைலும் ஓடாமல் சக்கரப் பேரிங்கில் வரிசையாகக் குழி விழுந்து இறங்கின. காரணம் அதிர்வு: ஒரே இடத்தில் அமர்ந்த குண்டு ஆடி ஆடிக் கிரீஸ் படலத்தை விலக்கி உருக்கை அரித்துவிடும். நமது தொழிற்சாலையில் 'ஸ்டாண்ட்பை' என்று மூலையில் நிற்கும் ரோலருக்குப் பக்கத்திலேயே இன்னொரு ரோலர் நாள் முழுவதும் தரையை அதிர வைக்கிறது. பல மாதம் கழித்து அவசரத்துக்கு அதை ஓட்டினால் முதல் நாளே அலறும். வாரம் ஒருமுறை கையால் ஒன்றேகால் சுற்றுச் சுற்றி வைத்தால் குண்டுகள் இடம் மாறும்.

7. பாதுகாப்பு பற்றி ஒரே வார்த்தை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், சக்தி கடத்தும் பாகங்களுக்குக் காப்பு வேலி கேட்கிறது. ஓடும்போது கையை நுழைக்காதே என்ற அளவில் 'கை வைக்காதே' சட்டமே. ஆனால் இரவு ரோலில் பேரிங் புகையத் தொடங்கினால் என்ன நடக்கிறது? காப்பைக் கழற்றிவிட்டு, மெஷின் ஓட ஓட ஈரச் சாக்கைச் சுற்றி வாளியில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். வெளியுறை குளிர்ந்து சுருங்குகிறது, உள்வளையம் சூட்டில் விரிந்தே இருக்கிறது, இருந்த இடைவெளியும் போய் இறுகிப் பிடிக்கிறது. பகலில் வெப்பநிலை பார்க்கக் கை நீட்டாதவர்கள் இரவில் பெல்ட்டுக்குள் கை நீட்ட வைக்கப்படுகிறார்கள்.

8. இனி, எதிர்த்தரப்பின் அனுபவத்தில் உள்ள உண்மைக்குப் பதில் சொல்ல வேண்டும். சர்வீஸ் செய்த பிறகு கெட்டுப்போகிறதே, ஏன்? ஏனென்றால் செய்யப்பட்டது சர்வீஸ் அல்ல. புதுப் பேரிங்கை முதலிலேயே பொதி பிரித்துத் தேயிலைத் தூசு படிந்த மேசையில் வைத்துவிட்டு, ஷாஃப்ட்டைத் துடைக்கப் போகிறார்கள். உள்வளையம் ஷாஃப்ட்டில் இறுகப் பொருந்த வேண்டிய இடத்தில் வெளிவளையத்தைச் சுத்தியலால் தட்டி ஏற்றுகிறார்கள். அந்த அடி முழுவதும் குண்டுகள் வழியாகப் பாதைக்குப் போகிறது. பேரிங் பிறந்த அன்றே அதன் மரணம் பதிவாகிவிடுகிறது. கேஸ் விளக்குச் சுடரில் நீலம் பாயக் காய்ச்சுகிறார்கள். 110 பாகை போதும், 120ஐத் தாண்டக் கூடாது. பிறகு பெல்ட் வழுக்கக் கூடாது என்று நரம்பு போல இழுத்துக் கட்டுகிறார்கள். குண்டுப் பேரிங்கின் ஆயுள் பாரத்தின் மூன்றாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்பது லுண்ட்பெர்க், பால்ம்கிரென் இருவரும் 1947இல் வகுத்த கணக்கு. பாரம் இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒன்று. எட்டு வருடம் ஓட வேண்டியது ஒரு வருடத்தில் நிற்கும். பெல்ட்டை இழுத்துக் கட்டியவரை யாரும் கேட்க மாட்டார்கள், ஏனெனில் பெல்ட் வழுக்கவில்லை.

மோசமான அறுவை சிகிச்சையைக் காட்டி வைத்தியமே வேண்டாம் என்று தீர்ப்பெழுத முடியாது. ஃபிட்டரைக் குறை சொல்லவும் நான் வரவில்லை. அவருக்கு இழுப்பானும் எண்ணெய்த் தொட்டியும் டயல் கேஜும் வாங்கிக் கொடுக்காதவர்கள், சுத்தியல் ஒன்றைக் கொடுத்துவிட்டு அவர் சுத்தியலைப் பயன்படுத்துகிறார் என்று வருந்துகிறார்கள்.

9. கடைசி மறுப்பு பொறியியல் பற்றியது அல்ல, அதிகாரம் பற்றியது. 1992இல் தோட்டங்களைப் பிரதேசப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைத்த பிறகு மேலாளர்கள் வந்தார்கள், மாறினார்கள். மெஷின் நிற்காத நாள் நல்ல நாளாகக் கணக்கில் ஏறுகிறது. நின்ற நாளுக்கு மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டும். சரியான நேரத்தில் தாமாக நிறுத்தியவருக்கும், பேரிங் உடைந்து நின்றவருக்கும் அந்தப் பதிவேட்டில் ஒரே நிறம். அப்படியிருக்கப் பகுத்தறிவுள்ள எந்த ஆள் தானாகப் போய் சுவிட்சை அணைப்பார்? 'கை வைக்காதே' என்பது மெஷினைக் காக்கும் புத்திமதி போலத் தோன்றுகிறது. உண்மையில் அது கையெழுத்துப் போடுகிறவரைக் காக்கும் புத்திமதி. தானே உடைந்தால் விதி, நிறுத்திப் பார்த்தால் குற்றம்.

"சொல்வது சுலபம், எங்களுக்கு நேரம் எங்கே" என்ற பதில் வரும். நேரம் ரோலுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு ரோல் அரை மணியளவில் முடிகிறது. இலையை இறக்கி அடுத்ததை ஏற்றும் அந்தச் சில நிமிடத்தில் மெஷின் எப்படியும் நிற்கிறது. அப்போது காப்புக்கு வெளியே தெரியும் உறைகளில் ஒரு சூட்டுமானியைக் காட்டி எண்ணை எழுதலாம். சூட்டுமானி இல்லையென்றால் புறங்கையை வைக்கலாம்; ஐந்து விநாடி தாங்கவில்லையென்றால் சூடு கவனிக்க வேண்டிய அளவுக்கு ஏறிவிட்டது. ஒரே எண் ஒன்றும் சொல்லாது. நேற்று 48, இன்று 51, நாளை 57 என்றால் அது பேசுகிறது. ஒவ்வொரு பேரிங்குக்கும் கொப்பியில் ஒரு பக்கம்: குத்தியிருக்கும் எண், மாட்டிய தேதி, கிரீஸ் வகை, எத்தனை கிராம், சூடு, சத்தம். பெல்ட்டின் இழுவையையும் கப்ளிங்கின் நேரையும் கொழுந்து குறைந்த ஒரு நாளில், மேல்மாடித் தொட்டிகளில் பாரம் இருக்கும்போதே பார்க்கலாம். கழற்றுவது என்பது இந்தக் கொப்பி கேட்டால் மட்டும். எதிர்த்தரப்பு பயப்படுகிற வீண் அவிழ்ப்பு இதில் எங்கே வருகிறது?

இதற்குக் கணினி வேண்டாம், வெளிநாட்டு ஆலோசகர் வேண்டாம். வேண்டியது ஒரு கொப்பி, ஒரு சூட்டுமானி, நிறுத்து என்று சொன்னால் நிறுத்தப்படும் என்ற உரிமை. முதலிரண்டையும் பதுளை டவுனில் வாங்கலாம். மூன்றாவதை துரை எழுத்தில் கொடுக்க வேண்டும். சீசனுக்கு முன் ஜூன் மாதத்தில் வந்து, இந்த உறை வாரத்துக்கு வாரம் சூடேறுகிறது, அரை நாள் நிறுத்தினால் மாற்றிவிடலாம் என்று கேட்கும் ஃபிட்டருக்கு, "ஓடுதுதானே, சீசன் முடியட்டும்" என்று சொல்கிறவர், ஓகஸ்ட்டில் அது உடைந்து நின்ற பிறகு அதே ஃபிட்டரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுக்கக் கூடாது.